கடலோரத்துப் பழைய வீட்டைப் புதுப்பிச்சவங்க இருக்கீங்களா?

தரங்கை வாசி:
தாத்தா வீடு, கடல்லேர்ந்து ரெண்டாவது தெரு. சுண்ணாம்புக் காரை, மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை), உங்களுக்கே தெரியும். சுனாமிக்கு அப்புறம் சித்தப்பா சுவர் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தாங்க. வேலை ஆரம்பிச்ச அன்னிக்கு வயசான கொத்தனார் உளிய வச்சு ஒரு தட்டு தட்டினாரு, பூச்சு பாளம் பாளமா பேந்து விழுது, பின்னாடி செங்கல்ல விரல வச்சா மாவா உதிருது. அவரு அதுல ஒரு கிள்ளு எடுத்து நாக்குல வச்சுப் பாத்துட்டு, "உப்பு தம்பி, வெளிய வர வழியில்லாம கல்ல தின்னுருக்கு"ன்னாரு. அந்த நிமிஷம் இன்னும் மனச விட்டுப் போகல. மொத்தத்தையும் உரிச்சுட்டு சுண்ணாம்பே பூசினோம், தகரம் போட்டு மூடியிருந்த முற்றத்தையும் திறந்துட்டோம், இப்ப மத்தியானம்கூட ஹால்ல ஃபேன் மட்டும் போதும்.

பாண்டி மாடிவீடு:
சுவர் சரி ப்ரோ, ஆனா சுண்ணாம்பு எல்லாத்தையும் காப்பாத்தும்னு நம்பிடாதீங்க. எங்க வீட்ல பின்கட்டு மட்டும் பிற்பாடு போட்ட கான்கிரீட். உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு உப்பி, ராத்திரி சாப்பிடும்போது சீலிங்லேர்ந்து ஒரு துண்டு அம்மா தட்டுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. அம்மா கைய அப்படியே வச்சுக்கிட்டு மேல பாத்துட்டே இருந்தாங்க. அதுக்கு மேல சுண்ணாம்பு பூசி என்ன ஆகப்போகுது? இடிச்சுதான் ஆகணும், இடிச்சோம்.

நாகை அக்கா:
தம்பி ரெண்டு பேர் சொல்றதும் வேற வேற வியாதி, சண்டை வேண்டாம். எங்க வீட்ல ஏசி அவுட்டோர் யூனிட்ட கடல் பக்கமா மாட்டிட்டுப் போனாங்க, சீக்கிரமே காயில் அரிச்சு கேஸ் போயிடுச்சு, அவ்ளோதான் என் கதை. இனிமே பண்றவங்களுக்கு சொல்றேன், யூனிட்ட கடல்காத்து நேரா படாத பக்கம் வைங்க, அப்பப்ப நல்ல தண்ணில கழுவுங்க. சோலார் போட்டா ஸ்டாண்டு அலுமினியமா இருக்கட்டும், போல்ட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கேட்டு வாங்குங்க, சாதா 304 ரகம் கடலோரத்துல கறை பிடிக்கும். 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசோட பிஎம் சூர்யகர் திட்ட மானியம் 78,000 ரூபாய் வருது, விடாதீங்க. ஃபேன் எல்லாம் பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார்) வாங்குங்க, பழசு 75 வாட் இழுக்கற இடத்துல இது 30 வாட் சுமார்தான். மொட்டமாடில பதிச்ச தட்டோடு (தட்டையான ஓடு) நல்லா இருந்தா அது மேல வெள்ளை அடிச்சாலே சூடு குறையும். இன்னொண்ணு, உயர் அலைக் கோட்டுலேர்ந்து (அலை ஏறி வர்ற உச்ச எல்லை) 500 மீட்டருக்குள்ள சிஆர்இசட், அதாவது கடலோரக் கட்டுமானத்துக்கான கட்டுப்பாட்டு விதி வரும், இடிக்கறதுக்கு முன்னாடியே அனுமதி கேட்டுடுங்க. பாண்டி தம்பி, பின்கட்டுக்கு இப்ப என்ன கூரை போட்டீங்க, அத சொல்லவே இல்லையே?