வட்டியைக் கூட்டிய பிறகும் பணவீக்கம் ஏறியது ஏன்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். ஒரு கேள்வியில் சிக்கி நிற்கிறேன்.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டார்கள். ஏறக்குறைய 203 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை (வங்கிகளுக்கான தன் அடிப்படை வட்டியை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. ஆனாலும் கொழும்பின் பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதம்!

"வட்டி கூடினால் விலை குறையும் என்றீங்களே, சேர்?" என்று பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். ரூபாய் விழுந்ததால் எரிபொருள், கோதுமை மா விலை ஏறியதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். வட்டி வேலைசெய்யக் காலம் எடுக்கும் என்றும் சொன்னேன். அதுவரை சரி. அப்புறம் 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3க்கு இறங்கியதே, அங்கேதான் தடுமாறுகிறேன்.

அந்த இறக்கத்தில் வட்டியின் பங்கையும் ரூபாய் வலுப்பெற்றதன் பங்கையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?