கிணத்தடிப் பெட்டி

[குழு: அப்பா வீடு]

லிஜி: (படம்)
லிஜி: பெரிய மாமா, கிணத்தடித் தேனீப் பெட்டியில ஈ ரொம்பக் குறைஞ்சு போச்சு. கருப்பா தடிச்சது மட்டும் நெறைய நிக்கு. பாட்டி காலையிலேர்ந்து அதையே பாத்துட்டு இருக்கு. கஞ்சி குடிக்கல

புஷ்பம்: மாத்திரை போட்டாச்சா

லிஜி: போட்டாச்சும்மா

செல்வராஜ்: மக்களே, அது ஆண் ஈ. கொஞ்சம் புகை போட்டுட்டு அடை இருக்க ஒரு சட்டத்தைப் பைய தூக்கு. வெயிலு முதுகுக்குப் பின்னால இருக்கணும், அப்பத்தான் அறைக்குள்ள தெரியும். முட்டை ஒண்ணா, ரெண்டு மூணான்னு எண்ணிச் சொல்லு.

ஸ்டெல்லா: கிறிஸ்மஸுக்கு யாரெல்லாம் வாறீங்க? கேக் இப்பவே சொல்லி வைக்கணும்

புஷ்பம்: நாங்க நாலு பேரு

லிஜி: (படம்)
லிஜி: மூணு இருக்கு மாமா. சிலதுல நாலு. சுவத்துல ஒட்டிட்டு இருக்கு

செல்வராஜ்: அப்ப ராணி போய் நாளாச்சு. ராணி போட்டா அறைக்கு ஒண்ணு, அடியில நடுவுல நட்டு வச்ச மாதிரி நிக்கும். இது வேலைக்கார ஈ போட்டது. அதுக்கு வயிறு நீளம் பத்தாது, அடி எட்டாது, அதான் சுவத்துல ஒட்டுது. அது ஆண் ஈயோட சேராதது, அதனால அந்த முட்டையில வாறது எல்லாம் ஆண் ஈதான். மூடியப் பாரு, குமிழ் மாதிரி தூக்கிட்டு நடுவுல ஊசித் துளை இருக்கும். ஆண் ஈ தேன் கொண்டாராது, புழுவுக்கு ஊட்டாது. இருக்க வேலைக்கார ஈயும் வயசாகிச் செத்துட்டே வரும். இப்படியே விட்டா கூடு முடிஞ்சுரும்.

லிஜி: ஆமா துளை இருக்கு

ஜெயசிங்: கடைசியா யாரு திறந்து பாத்தது

செல்வராஜ்: நான்தான். போன மாசம். முட்டை இருந்துச்சு, ராணியக் கண்ணுல பாக்கல.

ஜெயசிங்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

புஷ்பம்: என்ன அழிச்ச தம்பி

ஜெயசிங்: ஒண்ணுமில்ல

செல்வராஜ்: நான் படிச்சுட்டேன். சட்டம் தூக்கும்போது நசுங்கியிருக்கலாம். கண்ணு முன்ன மாதிரி இல்ல டே.

அஜின்: மாமா, ராணி ஈ விலைக்குக் கிடைக்கும்ணு சொல்லுதாங்க. ஒண்ணு வாங்கி விட்டா போதாதா?

செல்வராஜ்: இப்ப விட்டா பந்து மாதிரி சுத்திப் பிடிச்சுக் கொன்னுரும் மக்கா. முட்டை போடுற ஈ இருக்கதனால, தனக்கு ராணி இருக்குண்ணே இந்தக் கூடு நெனச்சுட்டு இருக்கு. முதல்ல நல்ல கூட்டுலேர்ந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள அடை குடுக்கணும். புழுவோட வாசம் பட்டாத்தான் அதுகளுக்கு முட்டை போடுறது அடங்கும். வாரம் ஒண்ணா ரெண்டு மூணு தடவை குடுக்க வேண்டி வரும். பிறகு மூணு நாளுக்கு உள்பட்ட புழுவா எடுத்து ராணி அறை கட்டும், நெலக்கடலை மாதிரி தொங்கும். அது வந்துட்டா பாதி பயம் போச்சு.

புஷ்பம்: அண்ணே சுருக்கமா

செல்வராஜ்: அடை வேணும். என் பெட்டி எல்லாம் போன வருஷமே குடுத்தாச்சு.

லிஜி: சின்ன மாமாட்ட நாலு பெட்டி இருக்குல்லா

ஸ்டெல்லா: அது உங்க தாத்தா இருக்கும்போதே பிரிச்சுக் குடுத்தது

புஷ்பம்: அப்பா இருக்கும்போதா?

ஸ்டெல்லா: மைனி, அது பேசி முடிஞ்ச கதை

புஷ்பம்: நான் ஒண்ணும் சொல்லலையே. அம்மா உருளி யார்ட்ட இருக்குண்ணு மட்டும் சொல்லுங்க, கிறிஸ்மஸுக்குப் பாயசம் வைக்கணும்

ஜெயசிங்: என்கிட்ட இருக்கது நியூட்டன் பெட்டி. கிணத்தடியில இருக்கது மார்த்தாண்டம் பெட்டி. அளவு வேற, சட்டம் சேராது

செல்வராஜ்: அடையை மட்டும் வெட்டி இந்தச் சட்டத்துல வச்சு வாழநார்ல கட்டு. அப்பா அப்படித்தானே செஞ்சாங்க. 91, 92-ல தாய்லாந்து சாக்புரூட்ணு ஒரு வைரஸ் நோய் வந்து புழு எல்லாம் தண்ணி கட்டின பை மாதிரி செத்துச்சு. நம்ம அறுபது பெட்டியும் காலி. எத்தனை வீட்ல பெட்டியை அடுப்புக்கு வச்சாங்க. அப்பா மட்டும் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மரப்பொந்துலேர்ந்து கூடு எடுத்துட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா கட்டினாங்க. அந்தக் கூடுதான் இது.

புஷ்பம்: நான்தான் டார்ச் பிடிச்சேன். கையில ரெண்டு கொட்டு

ஜெயசிங்: அண்ணே, இவ்வளவு குறைஞ்ச கூட்டுக்கு அடை குடுத்தாலும் புழுவுக்குச் சூடு குடுக்க ஈ பத்தாது. நடுவுல பேப்பர் வச்சு என் பெட்டியோட சேத்துருவோம். இருக்கது பிழைக்கும்

செல்வராஜ்: அதும் சரியான வழிதான், மறுக்கல. ஈ ரெண்டு சட்டம் மூடுற அளவு இருந்தா அடை குடுப்போம், இல்லைண்ணா சேப்போம். ஆனா கிணத்தடி காலியாக் கிடந்தா அம்மா தாங்காது டே.

ஜெயசிங்: என் பெட்டியில இருக்கதும் அப்பா கூடுதான்

அஜின்: ரப்பர் சீட் விலை இன்னைக்கு எவ்வளவு?

புஷ்பம்: அஜின் சும்மா இரி

செல்வராஜ்: முதல் அடையிலேயே ராணி அறை கட்டினா பன்னெண்டு நாளுல ராணி வெளிய வரும். பிறகு மழை இல்லாத மத்தியானம் பறந்து போய்ச் சேந்து வரணும். கிறிஸ்மஸுக்குள்ள முட்டை பாக்கலாம். அந்த ஈ வெளி வேலைக்குப் போக ஜனவரி கடைசி ஆகும். ரப்பர் தளிரு விட்டுத் தேன் சுரக்கதும் அதையொட்டித்தான். ஒரு வாரம் பிந்தினா இந்த வருஷத் தேன் இல்ல.

லிஜி: பாட்டி கேக்கு, சின்னவன் வாறானாண்ணு

ஸ்டெல்லா: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாறோம் அத்தான்

ஜெயசிங்: மழை விட்டா பாக்கலாம். நான் வாறேண்ணு சொல்லல

செல்வராஜ்: வாசலைச் சின்னதாக்கி வை லிஜி. பெட்டிக் கால் கிண்ணத்துல தண்ணி இருக்காண்ணு பாரு, எறும்பு ஏறினா இருக்க ஈயும் ஓடிரும்.

லிஜி: சரி மாமா

ஜெயசிங்: லிஜி அங்க வாழநார் இருக்கா

லிஜி: பாட்டி உரிச்சுட்டு இருக்கு

ஜெயசிங்: காயவிட வேண்டாம். தண்ணியில போட்டு வைக்கச் சொல்லு

புஷ்பம்: உருளி??