அடல் சுரங்கம் இருந்தும் நவம்பரில் மணாலி–லே சாலையில் செல்ல முடியாதா?

வினா:
வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரத்தில், தில்லியிலுள்ள அண்ணனின் டீசல் காரில் மணாலி வழியாக லே சென்று ஸ்ரீநகர் வழியாகத் திரும்ப எண்ணியிருக்கிறோம். அறுபது வயதைக் கடந்த அப்பாவும் உடன் வருகிறார். 2020இல் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு ஆண்டு முழுவதும் வழி உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் மணாலி விடுதியில் விசாரித்தபோது, கேலாங் வரை வரலாம், அதற்கு மேல் உறுதி கூற இயலாது என்றார்கள். கைப்பேசி வரைபடமோ லே வரை பாதை காட்டுகிறது. எதை நம்புவது?

மறுமொழி 1:
விடுதிக்காரர் சொல்வதை நம்புங்கள். சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய் ஒன்றை மட்டுமே தவிர்க்கிறது. அதனால் பயன் பெற்றது கேலாங் அமைந்த லாகுல் பள்ளத்தாக்கே தவிர லே அன்று. கேலாங்கைக் கடந்தபின் 4,800 மீட்டருக்கும் மேலுள்ள பாராலாச்சா, அதன்பின் நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா என நான்கு கணவாய்களைத் திறந்த வெளியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

பனியைவிடப் பெரிய சிக்கல், வழியில் ஆளே இல்லாமல் போவதுதான். வழியில் தங்குமிடங்களான சர்ச்சூ, பாங் ஆகிய ஊர்களில் உணவும் படுக்கையும் தரும் கூடாரங்களைக் குளிர் முற்றுவதற்கு முன்பே பிரித்துவிடுவார்கள். கேலாங்குக்குச் சற்று முன்னுள்ள தண்டியில் எரிபொருள் நிரப்பினால் அடுத்த பங்க் லே நகரை நெருங்கும்போதுதான் வரும். சாலை மூடப்பட்டதாக அறிவிக்கப்படாத நாளிலும், நடுவழியில் வண்டி நின்றால் உதவி கிடைக்காது. வரைபடம் சாலை இருப்பதைத்தான் காட்டுகிறது. அது திறந்திருக்கிறதா என்பதை எல்லைச் சாலைகள் அமைப்பும் லாகுல்–ஸ்பிதி காவல்துறையும் வெளியிடும் அன்றாட அறிவிப்பில் பாருங்கள்.

வினா கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் போக வர இரண்டுக்கும் ஸ்ரீநகர் வழியையே கொள்ளலாமா?

மறுமொழி 2:
கொள்ளலாம், அப்பாவுக்கும் அதுவே நல்லது. மணாலி வழியில் 2,000 மீட்டரிலிருந்து கிளம்பி, இடையில் தங்குவதென்றால் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரச் சர்ச்சூவில் உறங்க நேரும். தலைவலியும் வாந்தியும் பலரைப் பிடிப்பது அங்கேதான். ஸ்ரீநகர் வழியில் சுமார் 2,700 மீட்டரிலுள்ள கார்கிலில் ஓர் இரவு தங்கி, உடல் பழகியபின் 3,500 மீட்டரிலுள்ள லேயை அடையலாம். உயர நோய்க்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

ஆனால் இந்த வழியிலும் சோஜி லா என்னும் கணவாய் இருக்கிறது. உயரம் 3,500 மீட்டர் அளவே என்றாலும் பனிப்பொழிவும் பனிச்சரிவும் அங்கு மிகுதி. முன்பெல்லாம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த அக்கணவாய், சமீப ஆண்டுகளில் சில வாரங்களே மூடப்படுகிறது. 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட சோனமார்க் சுரங்கம் சோஜி லாவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கணவாய்க்கான சுரங்கத்தில் இன்னும் பணி நடக்கிறது. எனவே ஒரு வாரப் பனி உங்கள் விடுப்பை விழுங்கக்கூடும். அந்த அவகாசம் இல்லையென்றால் காரை விட்டுவிட்டு விமானத்தில் லே சென்று, முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுங்கள்.

மறுமொழி 3:
டீசல் கார் என்பதால் ஒரு சொல். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். காலையில் எஞ்சின் கிளம்பாது. சமவெளியில் நிரப்பிய டீசலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டு, கார்கிலில் குளிர்கால டீசல் கேட்டு நிரப்புங்கள். 2019இல் லடாக்குக்கென அறிமுகமான அவ்வகை, கழித்தல் 33 டிகிரி வரை உறையாது. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். பழைய லாரிக்கு அது சரி, இன்றைய கார்களின் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் செறிவையும் தில்லியிலேயே சோதியுங்கள். இரவில் கைப்பிரேக் இழுத்து வைத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

வினா கேட்டவர்:
ஸ்ரீநகர் வழி என்று முடிவு செய்துவிட்டோம். சோஜி லாவை எந்த நேரத்தில் கடப்பது நல்லது?

மறுமொழி 2:
நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க இயலாது. பனிக்காலத்தில் வண்டிகளை ஒரு திசையில் மட்டும் விடுவது வழக்கம். எந்த நாள் எந்தத் திசை என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை முந்தைய மாலை அறிவிக்கும். முதல்நாள் இரவு சோனமார்க்கில் தங்கிக்கொள்ளுங்கள். சக்கரச் சங்கிலி இல்லாத வண்டியைச் சாவடியில் நிறுத்தவும் கூடும்.