பிளேஸ்கூலில் டயப்பர் எப்போது மாற்ற வேண்டும்?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை. காலை 9 மணிக்குப் போட்டுவிட்ட டயப்பரோடேயே மதியம் 1 மணிக்குத் திரும்புகிறாள். தொடையிடுக்கு சிவந்திருக்கிறது. மிஸ்ஸிடம் என்னவென்று கேட்பது?

பதில் 1: 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும், ஆய் போனால் உடனே. மலத்திலுள்ள என்சைம்கள் சிறுநீரோடு சேர்ந்தால் தோலை அரிக்கும். பையில் 3 டயப்பரும், பெயர் எழுதிய ஜிங்க் ஆக்ஸைடு கிரீமும் வையுங்கள். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே கிரீம். அவசரத்தில் ஆயாக்கள் தவறவிடுவது இந்தக் காயவிடுவதைத்தான்.

பதில் 2: பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சில் போகும். மாற்றிய நேரத்தை டைரியில் குறிக்கச் சொல்லுங்கள். சண்டையாக இல்லாமல், சாதாரணமாக.

பதில் 3: தோல் மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு இந்தக் கிரீம் போதாது, டாக்டரிடம் காட்டுங்க.