கலர் படங்களை ஃபிலிமில் ஏற்றிப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி:
ஹார்ட் டிஸ்க், கிளவுட் இரண்டிலும் பிரதி இருக்கிறது. மென்பொருள் இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய பிரதியும் ஒன்று வேண்டும். மொத்தம் 60 படங்கள். திரையில் காட்டி, கலர் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தால் போதுமா?

பதில் 1:
கலர் ஃபிலிம் வேண்டாம். அதிலிருப்பது சாயம், இருட்டில் பெட்டிக்குள் கிடந்தாலும் வெளிறும். மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளிறாததால் நிறமும் மாறிவிடும். கருப்பு-வெள்ளை ஃபிலிமில் பிம்பமாக நிற்பது வெள்ளி. அதனால்தான் சினிமாவில் கலர் நெகட்டிவை மூன்று கருப்பு-வெள்ளைப் பிரதிகளாகப் பிரித்து வைப்பார்கள்.

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் படத்தைச் சுற்றி ஓரம் விட்டு, மூன்று பிரதிகளையும் பொருத்திச் சேர்க்க நான்கு மூலையிலும் கூட்டல் குறி, கீழே கருப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் பட்டை போடுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் எனச் சேனல் பிரித்து (ஒவ்வொரு நிறத்தின் அளவும் தனி கருப்பு-வெள்ளைப் படமாக), எது எந்தச் சேனல் என்று ஓரத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் பிற்காலத்தில் எடுப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரி சாம்பல்தான். 60 படத்துக்கு 180 ஃப்ரேம், அதாவது 36 போட்டோ ரோல் ஐந்து.

4கே திரை, இருட்டறை, ட்ரைபாட், மேக்ரோ லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8. எக்ஸ்போஷர் ஒரு நொடியாவது இருக்கட்டும். 1/125 நொடி வைத்தால், திரை தன்னைப் புதுப்பிப்பதால் வரும் ரெஃப்ரெஷ் பட்டை படத்தில் விழக்கூடும். மூன்று ஃப்ரேமுக்கும் ஒரே எக்ஸ்போஷர், மேனுவலில். மஞ்சள் பூவின் நீலச் சேனல் ஏறக்குறைய கறுப்பு. ஆட்டோவில் விட்டால் கேமரா அதை வெளிச்சமாக்கிவிடும். மறுபடி சேர்க்கும்போது மஞ்சள் செத்துப்போகும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் ஃபிலிமின் அடித்தளத்தையும் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிம்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் அசிடேட் என்ற பிளாஸ்டிக். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வினிகர் வாசம் வந்து சுருங்கும். பாலியெஸ்டர் வாங்குங்கள். ஆடாக்ஸ் சிஎம்எஸ் 20 என்ற கருப்பு-வெள்ளை ஃபிலிம் அப்படிப்பட்டது, ஆனால் கான்ட்ராஸ்ட் மிக அதிகம். அதற்கென்றே உள்ள ஆடோடெக் டெவலப்பர் இல்லாமல் நடு சாம்பல்கள் கிடைக்காது. தெளிவான பாலியெஸ்டர் ஒளியை நுனி வழியே உள்ளே கடத்தும். வெயிலில் கேமராவில் லோடு செய்தால் முதல் சில ஃப்ரேம்கள் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும்.

பதில் 3:
எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கழுவுவதில் கோட்டை விடுகிறார்கள். ஃபிலிமில் மிஞ்சும் ஹைப்போ, அதாவது ஃபிக்ஸரில் (பிம்பத்தை நிலைப்படுத்தும் கரைசல்) உள்ள வேதிப்பொருள், வெள்ளியை மஞ்சளாக்கும். சோதனைக்கு ஒரு துண்டு ஃபிலிம் ஃபிக்ஸரில் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல இரு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். பிறகு 2 சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலில் 2 நிமிடம், ஓடும் நீரில் 10 நிமிடம், கடைசியாக டிஸ்டில்டு வாட்டர்.

கேட்டவர்:
எந்த உறையில் வைப்பது?

பதில் 3:
பாலிப்ரொப்பிலீன் உறை. பிவிசி வேண்டவே வேண்டாம். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் அதிகமானால் ஃபிலிமின் மேல் பூச்சான ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும்.