பள்ளிக்கூடத்துக்கு ஏன் ‘காலேஜ்’ என்று பெயர்? (திருச்சி செயின்ட் ஜோசப்)

மலைக்கோட்டை_72: முன்னாள் மாணவர் மலருக்கு வரலாற்றுப் பக்கம் தயாராகிறது. தொடக்க ஆண்டு ஓரிடத்தில் 1844, இன்னோரிடத்தில் 1883 என்றிருக்கிறது. எதைப் போடலாம்? ‘காலேஜ் மேல்நிலைப்பள்ளி’ என்று பெயர் வந்தது எப்படி? பழைய குழுப்படத்தில் ‘நாலாம் ஃபாரம்’ என்றிருப்பது எந்த வகுப்பு?

தெப்பக்குளத்தார்: இரண்டு ஆண்டுமே சரி. இயேசு சபையார் 1844இல் தொடங்கியது நாகப்பட்டினத்தில். திருச்சிக்குப் பெயர்ந்தது 1883இல். ‘1844இல் திருச்சியில்’ என்று சேர்த்து எழுதினால்தான் தப்பு. பழைய ஆங்கில ஆவணங்களைத் தேடும்போது ‘நெகபட்டம்’, ‘டிரிச்சினாபொலி’ என்ற எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்து இயேசு சபைக் ‘காலேஜ்’ என்பது சின்ன வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை ஒரே கூரை. பின்னாளில் பள்ளியும் கல்லூரியும் தனித்தனி நிர்வாகமாகியும் பெயர் பள்ளியோடு ஒட்டிக்கொண்டது.

நாலாம் ஃபாரம் என்றால் 9ஆம் வகுப்பு. முதல் ஃபாரம் 6ஆம் வகுப்பு, ஆறாம் ஃபாரம் 11. அதுதான் அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. ஃபாரம் எண்ணோடு ஐந்தைக் கூட்டினால் போதும்.

மலர்களில் அடிக்கடி வரும் பிழை ஒன்று: 1960களின் படத்துக்குக் கீழே ‘மேல்நிலைப்பள்ளி’ என்று போடுவது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978இல். அதற்கு முன் உயர்நிலைப்பள்ளிதான். பி.யு.சி. (பள்ளிக்குப் பின் கல்லூரியில் படித்த ஓராண்டுப் புகுமுக வகுப்பு) படம் கிடைத்தால் அது கல்லூரிக் கணக்கு, பள்ளி மலரில் சேர்க்காதீர்கள்.

பண்ணைக்கடல்: யாழ்ப்பாணத்திலை இந்தக் குழப்பமே இல்லை. புனித பத்திரிசியார் கல்லூரி எண்டாலும் அது பள்ளிக்கூடம்தான். 1850இலை தொடங்கினது, 1881இலை இருந்து இந்தப் பெயர். ஆனால் ‘அதிபர்’ எண்ட சொல்லைக் கவனியுங்கோ. எங்களிட்டை அது பள்ளிக்கூடத்தை நடத்துறவர். உங்கடை பக்கம் வேறை ஆள் போலை?

தெப்பக்குளத்தார்: ஆமாம் ஐயா. இங்கே அதிபர் என்றால் ரெக்டர், துறவற இல்லத்துக்கும் நிறுவனங்களுக்கும் தலைவர். பள்ளிக்குத் தலைமையாசிரியர் தனி, அரசோடு கடிதப் போக்குவரத்துக்குத் தாளாளர் தனி. பெயர்ப் பட்டியலில் மூன்றையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

மலைக்கோட்டை_72: நன்றி. ‘சூசையப்பர்’, ‘வளனார்’ இரண்டும் வருகிறதே?

ஏட்டுச்சுவடி: இரண்டும் செயின்ட் ஜோசப் என்ற ஒரே புனிதர்தான். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பருக்கு வைத்த பெயர் வளன். மக்கள் வாயில் சூசையப்பர், பெயர்ப்பலகையில் வளனார். நூலகப் பட்டியலில் இரண்டையும் தேடுங்கள். ‘ஜோசப்பு’, ‘யோசேப்பு’வையும் விட்டுவிடாதீர்கள். அடிக்கல்லில் ‘ஏ.எம்.டி.ஜி.’ என்று இருந்தால் யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். ‘இறைவனின் அதிமிகு மகிமைக்கே’ என்ற லத்தீன் வாசகத்தின் சுருக்கம்.