ஒரே சங்கிலி, ஐந்து பிள்ளைகள்

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான் நான்காமவள். அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை பார்த்தார். பிள்ளைகள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலோ பங்கு பிரிக்கவே இல்லை. யார் முறை வந்ததோ அவருக்கு இருந்த காசு மொத்தமாகப் போனது, அது மீண்டு வரும்வரை அடுத்தவர் காத்திருந்தார்.

அம்மாவின் ஆறு பவுன் இரட்டைவடச் சங்கிலியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். காலண்டர் சீசனில் அப்பா இரவு பகலாகப் பார்த்த ஓவர்டைம் காசில் மீட்கப்பட்டு, பொங்கலன்று அம்மாவின் கழுத்தில் இருக்கும் அந்தச் சங்கிலி, கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் மறுபடி அடகுக் கடைக்குப் போய்விடும். ரசீதுகளை அம்மா ஒரு பழைய பவுடர் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கும். முதலில் பெரியக்காவின் பெயர், அவளுடைய கல்யாணத்துக்காக. அதன் பிறகு தொடர்ந்து அண்ணன் பெயர்தான்.

அண்ணன் 2012இல் பொறியியல் சேர்ந்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகையில் கற்பிப்புக் கட்டணம் குறைந்தாலும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சங்கிலிதான் போனது. சின்னக்கா அவனுக்கு ஒரு வயதுதான் இளையவள். அவள் பிளஸ் டூ முடித்தபோது ரசீதில் அண்ணன் பெயர் இருந்தது. ஆகவே அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தும் அவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். பி.காம். பட்டத்தைப் பிற்பாடு அஞ்சல் வழியில்தான் வாங்கினாள். இதை யாரும் அநியாயம் என்று அப்போது சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

2015இல் என் முறை வந்தபோது அந்தச் சலுகை எனக்குக் கிடைக்காது, ஏனெனில் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது. அப்போது 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை என்பதால், அப்பாவின் கையெழுத்தோடு கடன் வாங்கிச் சேர்ந்தேன். மறு ஆண்டு அண்ணன் வேலைக்குப் போனதும் என் விடுதிச் செலவை அவன் ஏற்றுக்கொண்டான். தம்பி கல்லூரிக்குப் போகும்போது நாங்கள் மூவரும் சம்பாதித்தோம். தம்பியின் பெயர் எழுதிய ரசீது அந்த டப்பாவில் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் அவன் ஒற்றைப் பிள்ளையைப் போலப் படித்தான்.

மறுமொழி:

சகோதரி எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. எனக்கு இரண்டே பெண்கள், ஆனால் இடைவெளி ஒன்றரை ஆண்டுதான். தலையை எண்ணிப் பிரிப்பது அரசின் வழக்கம்: முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இருவர் என்றால் ஆளுக்கு 25,000. வருமான வரியில் அந்தக் கணக்குகூட இல்லை. சேமிப்புக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் வரிக்கழிவு தரும் 80சி பிரிவில் இருவரின் கட்டணத்தையும் காட்டிவந்தேன், ஆனால் ஒரு பிள்ளை என்றாலும் இரு பிள்ளைகள் என்றாலும் உச்சவரம்பு அதே 1.5 லட்சம்தான், அதில் பாதியை என் பி.எஃப். பிடித்தமே நிரப்பிவிடும். வீட்டுக் கடன் தவணை போக மீதியில் இருவருக்கும் ஒரே மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. முதுகலையை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டுக்கொள்கிறேன் என்று மூத்தவள் போன வாரம் தானாகவே சொன்னாள். சரி என்று சொல்லத்தான் இருந்தேன். உங்கள் சின்னக்காவைப் பற்றிப் படித்த பிறகு இன்னும் பதில் சொல்லவில்லை.